கூல்செல்: நோயெதிர்ப்புச் செல்களை உறைய வைக்க நான் நம்பி வாங்கும் நுரைப்பெட்டி

ரத்தத்திலிருந்து பிரித்த செல்களை மைனஸ் 80 ஃப்ரீசரில் உறைய வைக்கிற வேலை உங்களுக்கு இருந்தால் தயங்காமல் கூல்செல் வாங்குங்கள். பார்த்தால் சின்ன நுரைப்பெட்டி, மூடி ஒன்று, 12 குப்பிகள் வைக்கக் குழிகள், நடுவில் உலோகக் கலவை வளையம், அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், ஆல்கஹால் வேண்டாம். விலை சில நூறு சிங்கப்பூர் வெள்ளி. ஒரு பிளாஸ்டிக் நுரைக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் உள்ளே போகிற செல்களின் மதிப்பு தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நான் மூலக்கூறு உயிரியலில் இருந்து வந்தவள். பிளாஸ்மிட், பிசிஆர், குளோனிங் என்று இருந்த காலத்தில் டிஎன்ஏவை மைனஸ் 20-இல் போட்டுவிட்டால் போதும், அது பாட்டுக்கு அங்கே கிடக்கும். அப்புறம் நோயெதிர்ப்பியலுக்கு மாறி, அங்கிருந்து மருந்துக் கண்டுபிடிப்புக்குள் வந்தபோதுதான் உறைய வைப்பதே ஒரு தனி அறிவியல் என்று புரிந்தது. செல்லை வேகமாகக் குளிரவைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் அங்கேயே பனிக்கட்டியாகி செல்லைக் கிழிக்கும். ரொம்ப மெதுவாகக் குளிரவைத்தால் வெளியே உள்ள தண்ணீர் மட்டும் உறைந்து, மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பு ஏறிக்கொண்டே போய், உப்பில் போட்ட மாவடு மாதிரி செல் சுருங்கிச் செத்துவிடும். இந்த இரண்டு ஆபத்தையும் பீட்டர் மேசரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1972-இல் ஒரே கருதுகோளாக எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவே, மனித ரத்தத்தின் வெள்ளணுக்களுக்கு ஒத்துவருகிற வேகம் நிமிடத்துக்கு சுமார் 1 டிகிரி. டிஎம்எஸ்ஓ என்ற திரவம் உறையும் செல்களைக் காக்கும் என்று லவ்லாக், பிஷப் இருவரும் 1959-இல் காட்டியதும் சேர்ந்துதான் இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் 10 சதவீத டிஎம்எஸ்ஓ, நிமிடத்துக்கு 1 டிகிரி என்பது வழக்கமாகியிருக்கிறது.

இந்த வேகத்தை ஒவ்வொரு முறையும் மாறாமல் தருவதுதான் பெட்டியின் வேலை. மிஸ்டர் ஃப்ராஸ்டி என்ற இன்னொரு பெட்டியும் அதே வேலையைச் செய்யும், ஒரே தடவையில் 18 குப்பி பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் 250 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்ற வேண்டும், ஐந்து முறைக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். பத்துப் பேர் புழங்குகிற ஆய்வகத்தில் இது எத்தனாவது முறை என்று யார் கணக்கு வைப்பது? சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஆல்கஹால் தண்ணீரை வேறு இழுத்துக்கொள்ளும். கூல்செல்லில் இந்தத் தலைவலியே கிடையாது.

பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்த பையன் ஒருநாள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்குள்ள மெஷின் எதுவும் இல்லையே, எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டான். "நுரை சூட்டை மெதுவாத்தான் வெளியே விடும் தம்பி, நடுவுல இருக்கிற வளையம் எல்லாக் குப்பிக்கும் ஒரே வேகத்தைப் பகிர்ந்து கொடுக்கும்" என்றேன். அன்றே ஒரு தொகுதியை அவனையே உறைய வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் உருக்கி, செத்த செல்லில் மட்டும் ஏறும் சாயமான டிரைபன் நீலம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நீலம் ஏறாத உருண்டையான பளிச்சென்ற செல்கள்தான் கண்ணுக்கு எட்டிய வரை. முதல் தடவை செய்த கையிலேயே அப்படி வருகிறது என்றால் அந்தப் பாராட்டு பாதி அவனுக்கு, பாதி பெட்டிக்கு.

மருந்து ஆய்வில் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்கிறேன். எங்களுக்கு வரும் செல்கள் மனிதர்கள் கொடுத்தவை. பிளேட்லெட் தானம் செய்பவர்களின் கருவியில் கடைசியில் எஞ்சும் கூம்பு வடிவக் குழாயில் வெள்ளணுக்கள் நிறையத் தங்கும், அதை ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் ஊற்றிச் சுழற்றினால் நடுவில் மெல்லிய வெண்படலமாக வந்து நிற்கும். அந்தத் தானக்காரரின் செல் மறுபடி கிடைக்காது. ஆளுக்கு ஆள் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் நடந்துகொள்ளும் விதம் அவ்வளவு மாறுவதால், இந்த மாதம் ஒரு சேர்மத்தையும் மூன்று மாதம் கழித்து அதன் திருத்திய வடிவத்தையும் ஒப்பிட வேண்டும் என்றால் அதே ஆளின் செல், அதே தரத்தில், உறைந்து காத்திருக்க வேண்டும்.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் குப்பிகளை டிஷ்யூ காகிதத்தில் சுற்றித் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து ஃப்ரீசரில் தள்ளுவார்கள். அங்கே ஒரு சேர்மம் டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை அழகாகக் குறைக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்துபோனோம். பிறகு செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் உயிருள்ள செல்லைப் பிரித்துக் காட்டும் சாயம் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தொகுதியில் பாதிக்கு மேல் ஏற்கெனவே செத்த செல்கள், மருந்துக்கும் அந்தக் குறைவுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சேர்மத்தை வைத்து இரண்டு வேதியியலாளர்கள் பல வாரம் உழைத்திருந்தார்கள். எனக்கு இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, பெட்டியை வாங்கினால் மட்டும் போதாது. 12 குழியும் நிரம்பியிருக்க வேண்டும். நான்கு குப்பிதான் இருக்கிறது என்றால் மீதி எட்டிலும் செல் இல்லாமல் அதே அளவு உறைதிரவம் மட்டும் ஊற்றிய நிரப்புக் குப்பிகளை வையுங்கள், இல்லாவிட்டால் குளிரும் வேகம் மாறிவிடும். பெட்டியைச் சுற்றி ஓர் அங்குலமாவது இடம் விட வேண்டும், நெருக்கமான மைனஸ் 80-இல் இதற்குத்தான் சண்டையே வருகிறது. அடுத்த தொகுதிக்கு முன் வளையம் அறை வெப்பத்துக்கு வந்ததா என்று தொட்டுப் பாருங்கள், வெளியே எடுத்ததும் முத்து முத்தாக வேர்க்கும், நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மறுநாளே குப்பிகளை உலர்பனிக்கட்டி மேல் வைத்து திரவ நைட்ரஜன் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். கையில் பிடித்துக்கொண்டு அறை தாண்டி நடந்தால் அந்தச் சின்னக் குப்பி சட்டென்று சூடேறும், இரவு முழுக்கப் பெட்டி செய்த வேலை வீண்.

இந்தப் பெட்டியால் ஆகாததும் உண்டு. நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்களை இது காப்பாற்றாது, அவை எப்படி உறைய வைத்தாலும் தாங்குவதில்லை, அன்றன்று எடுத்த ரத்தத்திலேயே செய்துகொள்ளுங்கள். நோயாளிக்கே திருப்பிச் செலுத்தும் செல்களுக்கும் இது போதாது. நோயாளியின் டி செல்களையே புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றிச் செலுத்தும் கார் டி சிகிச்சையான கிம்ரியாவுக்கு சிங்கப்பூரில் 2021-இல் அனுமதி கிடைத்தது. அங்கே உறைந்த செல்தான் மருந்தே, அந்த மாதிரி வேலைக்கு வெப்பநிலையை நொடிக்கு நொடி பதிவு செய்யும் கட்டுப்பாட்டு ஃப்ரீசர் வேண்டும், அது பல்லாயிரம் வெள்ளி. நம்மைப் போன்று ஆய்வு மேசையில் வேலை செய்பவர்களுக்கு அது தேவையில்லை.

சிங்கப்பூரின் ஆய்வு வளாகமான பயோபோலிஸ் பக்கம் புதிதாக ஆய்வகம் தொடங்குகிற நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது: ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஒரு கூம்பிலிருந்து வரும் செல்லுக்கு 12 குழி பத்தாது, பாதியை இன்றும் பாதியை நாளையும் உறைய வைத்தால் ஒரே தானக்காரரின் செல் இரண்டு விதமாகிவிடும். 30 குப்பி பிடிக்கிற பெரிய வகையும் உண்டு, ஃப்ரீசரில் இடமிருந்தால் அதையே பாருங்கள். நிரப்புக் குப்பிகளுக்கு மட்டும் வேறு நிற மூடி போட்டு வையுங்கள், அவசரத்தில் யாரும் அதை நைட்ரஜன் தொட்டிக்கு அனுப்பிவிடக் கூடாது.