கம்பெனி எல்-1 தருகிறேன் என்றால் உடனே தலையாட்டலாமா?

கம்பெனி அனுப்பி அமெரிக்காவுக்கு ஆன்சைட் வேலைக்குப் போகிறவர்கள் முன்னால் பெரும்பாலும் வந்து நிற்பவை இரண்டு விசாக்கள்: எச்-1பி (சிறப்புத் திறன் வேலைக்கானது), எல்-1 (ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றத்துக்கானது). எது சீக்கிரம் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேலை போனால் எது காப்பாற்றும் என்று கேட்பவர் குறைவு.

சீக்கிரம் கிடைப்பது எல்-1தான், சந்தேகமே இல்லை. எச்-1பி-க்கு மார்ச் மாத லாட்டரியைத் தாண்ட வேண்டும். இருப்பதே 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. பெயர் விழுந்தாலும் வேலை தொடங்குவது அக்டோபரில்தான். போதாக்குறைக்கு, வெளிநாட்டில் இருப்பவருக்குப் புது மனு போட்டால் 1,00,000 டாலர் கட்டவேண்டும் என்று 2025 செப்டம்பரில் அதிபரின் அறிவிப்பு வேறு வந்தது. எல்-1-க்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கடந்த 3 ஆண்டுகளில் ஓராண்டு தொடர்ந்து அதே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். மேலாளராகவோ (எல்-1ஏ), நிறுவனத்துக்கே உரிய தனி அறிவு உள்ளவராகவோ (எல்-1பி) இருக்க வேண்டும்.

சம்பளத்தில் எச்-1பி மேல். அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது அதன் விதி. எல்-1-ல் அப்படி விதி இல்லை. ஆஃபர் லெட்டரில் உள்ள டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்த்து மயங்குவதைவிட, போகிற ஊரின் வீட்டு வாடகையைக் கழித்துப் பார்ப்பது நல்லது.

இனி அந்தக் கெட்ட நாளுக்கு வருவோம். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் லாகின் ஆகவில்லை, வேலை போய்விட்டது. இரண்டு விசாவுக்கும் அதிகபட்ச அவகாசம் 60 நாள். எச்-1பி-காரருக்கு வேறொரு கம்பெனி அதற்குள் மனு போட்டுவிட்டால், அது குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்ததுமே அங்கே வேலையைத் தொடங்கலாம். மறுபடி லாட்டரி இல்லை. எல்-1-ஐ அப்படி வேறு கம்பெனிக்கு எடுத்துப் போக முடியாது. அவருக்கு முன்பே எச்-1பி எண்ணிக்கையில் இடம் கிடைத்திருந்தால் ஒழிய, லாட்டரிக்குத்தான் காத்திருக்க வேண்டும். இது தெரிந்துதானே சம்பள உயர்வு கேட்டால் மேனேஜர் சிரிக்கிறார்!

கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கிறவர்கள் என்றால் எல்-1-க்கு ஒரு பெரிய பிளஸ். துணைவரின் ஐ-94-ல் (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) ‘எல்-2எஸ்’ (எல்-1-காரரின் துணைவர்) என்று இருந்தால் போதும், வேலைக்குச் சேரலாம். எச்-1பி-காரரின் துணைவராக எச்-4 விசாவில் போகிறவர், பொதுவாக, அந்த எச்-1பி-காரரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் ஆகும்வரை வீட்டில்தான்.

என் கணக்கு இது. உண்மையிலேயே ஆட்களை மேய்க்கிற மேலாளர் என்றால் எல்-1ஏ-வை யோசிக்காமல் வாங்குங்கள். 7 ஆண்டு தங்கலாம். இங்கே இந்தியாவிலும் மேலாளராக இருந்தவருக்கு இபி-1சி வழியில் (பன்னாட்டு நிறுவன மேலாளர்களுக்கான பிரிவு), லேபர் சான்று (அந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் துறைச் சான்று) இல்லாமலே, கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கேட்கலாம். எல்-1பி என்றால் 5 ஆண்டோடு சரி, நீட்டிப்பே இல்லை. எச்-1பி-யில் 6 ஆண்டுதான் என்றாலும், ஐ-140 ஒப்புதல் கையில் இருந்து கிரீன் கார்டு வரிசை நகராவிட்டால் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம்.

ஆகவே எல்-1பி-யில் போகிறவர், கிளம்புவதற்கு முன்பே, ஒவ்வொரு மார்ச்சிலும் எச்-1பி-க்குப் பதிவு செய்வோம் என்று கம்பெனியிடம் எழுதி வாங்கிவிட வேண்டும். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாறினால் அந்த லட்சம் டாலரும் இல்லை. அப்புறம், எல்-1-ல் அங்கே கழித்த காலம் எச்-1பி-யின் 6 ஆண்டில் கழிந்துவிடும். நான்காம் ஆண்டு முடிந்து மாறினால் மிச்சம் இரண்டே ஆண்டு. கிரீன் கார்டு வேலையை அந்த மாதமே தொடங்கச் சொல்லுங்கள்.