ஆற்றங்கரையா, வீட்டு மேசையா? எண்ணெய் வண்ணத்தில் ஆறு தீட்டப் பழகும் இரு வழிகள்

ஆற்றுக்காட்சியை எண்ணெய் வண்ணத்தில் உள்ளது உள்ளபடி தீட்டப் பழகுவோர், கரையிலேயே அமர்ந்து ஈரம் காயுமுன் ஒரே அமர்வில் முடிக்கலாம்; அல்லது புகைப்படத்தைப் பார்த்து வீட்டில் பல நாள் அடுக்கடுக்காகத் தீட்டலாம்.

கரையில் முதற்பகை நம் ஊர் வெயில். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் ஏழு மணியளவில் உதிக்கும் சூரியன் விறுவிறுவென உச்சிக்கு ஏறிவிடும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றோரம் நான் அமர்ந்த முதல் நாள், மர நிழலுக்கான பச்சையைக் கலந்து முடிப்பதற்குள் நிழலே நகர்ந்துவிட்டது.

வீட்டில் அந்த அவசரம் இல்லை, பொறுமைதான் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது என்பதால், மெல்லிய பூச்சுக்கும் சில நாள் காத்திருக்க வேண்டும். மேலடுக்கில் எண்ணெய் கீழடுக்கைவிடக் குறைந்தால் பின்னாளில் வெடிப்பு விழும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் வாடையும் எளிதில் போகாது (தண்ணீரில் கலக்கும் எண்ணெய் வண்ணத்திற்கு நான் மாறியது வீட்டாரின் முகத்தைப் பார்த்துத்தான்).

நீரைத் தீட்டும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரியும். தூங்குமூஞ்சி மரத்தின் கரும்பச்சை நீரில் ஒரு படி வெளிறியும், வானத்தின் வெண்மை ஒரு படி மங்கியும் விழுவதைக் கண் காண்கிறது. புகைப்படமோ நிழற்பகுதியைக் கறுப்பாக மூடிவிடுகிறது, அதை நம்பினால் ஆறு தார்ச்சாலையாகிவிடும். பிம்பத்தை மேலிருந்து கீழாக இழுத்து, ஈரத்திலேயே உலர்ந்த தூரிகையால் குறுக்கே ஒரே ஒரு முறை வருடினால் நீர்ப்பரப்பு சமமாகப் படிந்துவிடும்; மறுமுறை வருடினால் சேறுதான். ஆனால் கரையோர ஆழமற்ற நீரில் தெரியும் கல்லையும் மண்ணையும் காட்ட, காய்ந்த அடுக்கின் மேல் எண்ணெய் மிகுந்த பழுப்பை மெல்லியதாகப் பூசுவதற்கு நிகரில்லை. ஈர வண்ணத்தில் அது கைகூடாது.

ஆங்கிலேய இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் இரண்டையும் செய்தவர்: வெளியில் சிறு எண்ணெய்ச் சித்திரங்கள் தீட்டியவர், ஸ்டவர் ஆற்றைக் காட்டும் 'த ஹே வெய்ன்' ஓவியத்தை லண்டன் ஓவியக்கூடத்தில் முழு அளவு முன்வரைவு செய்தே உருவாக்கி 1821இல் காட்சிக்கு வைத்தார்.

முதல் ஓவியத்தை வீட்டில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் படமெடுக்கும் நாளில் அஞ்சலட்டை அளவுப் பலகை ஒன்றைக் கரைக்குக் கொண்டுபோய், மரம், அதன் பிம்பம், வானம், அதன் பிம்பம் என நான்கு திட்டுகளை மட்டும் அங்கேயே கலந்து பூசி வாருங்கள். பிற்பகல் மழைக்கு முன் முடிந்துவிடும்.