நெல்லா, உளுந்தா, தண்ணீர் கேனா: வீட்டுச் சாமானில் தாளம் பிடித்துப் பார்த்தேன்

போன தை மாதம் ஒரு கும்மிப் பாட்டுக்கு இசை சேர்த்துத் தரச் சொன்னார்கள். பாடியவர்கள் எங்கள் தெருப் பெண்கள் 6 பேர். மெட்ரோனோம் (ஒரே வேகத்தில் 'டிக் டிக்' என்று தட்டிக் காட்டும் கருவி) வைத்துப் பாடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கும்மி என்றால் போகப் போக வேகம் ஏறத்தான் செய்யும். நிமிடத்துக்கு 96 தட்டில் தொடங்கிய பாட்டு, முடியும்போது 110ஐத் தொட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த சாம்பிள் பேக்கில் (முன்பே பதிவு செய்து விற்கும் ஒலித் தொகுப்பு) ஷேக்கர் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் குலுக்கல் ஒலித் துண்டு, மட்டும் 40க்கு மேல். ஒன்றுகூட அந்த வேகத்தோடு ஓடி வரவில்லை. இழுத்துப் பொருத்தினால் ஒலி குழைகிறது. வெட்டி ஒட்டினால் தையல் தெரிகிறது. கடைசியில் விதைக்கு வைத்திருந்த நெல்லில் ஒரு பிடியை அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஹெட்ஃபோனில் பாட்டைக் கேட்டுக்கொண்டே கடைசி வரை கையால் குலுக்கிவிட்டேன். ஒரே டேக். வேலை முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த 2 மாதம் வீட்டில் நான் தட்டாத பொருள் இல்லை. எது எதற்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிக்: அண்டா, மெத்தை, தண்ணீர் கேன்

கிக் என்பது டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம். அதன் வேலை நெஞ்சில் இடிப்பது. அந்த இடி 50, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) பக்கம் இருக்கிறது. வீட்டில் அவ்வளவு கீழே போகும் பொருள் எது?

பித்தளை அண்டா மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. பார்க்கத்தான் பெரிசு. கவிழ்த்துப் போட்டுத் தட்டினால் 'ணங்' என்று நீளமாக ரீங்கரிக்கிறது. ஈரத் துண்டைப் போர்த்தித் தட்டினால் ரீங்காரம் செத்து 'டொப்' என்கிறது, ஆனால் அந்த டொப்பில் அடிவயிறு இல்லை. போதாததற்கு அம்மா வேறு அடுப்படியிலிருந்து, "எங்கம்மா சீரா குடுத்த அண்டாடா அது. ஒடுக்கு விழுந்துச்சு, அப்புறம் இருக்கு ஒனக்கு" என்று குரல் கொடுத்தார். அண்டா பரணுக்குத் திரும்பியது.

இலவம்பஞ்சு மெத்தையை முஷ்டியால் குத்தினால் வரும் 'தொப்' மோசமில்லை. சுருக்கமான ஒலி, சுருதி என்று ஒன்றும் கிடையாது. தனியாக நிற்காது, வேறொன்றோடு சேர்த்தால் சதை கொடுக்கும்.

ஜெயித்தது 20 லிட்டர் தண்ணீர் கேன். காலிக் கேனை மடியில் படுக்க வைத்து, வாயைத் திறந்தபடியே விட்டு, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிகிறது; கழுத்தில் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் மாட்டிய எடை மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதிர்வு என்று படித்திருப்போமே, அதேதான். ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில், எந்த அதிர்வு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அலைமாலை போட்டுப் பார்த்தேன். என் கேன் 57 ஹெர்ட்ஸ் காட்டியது. அச்சு அசல் கிக்கின் இடம்! வாயை உள்ளங்கையால் மூடிவிட்டுத் தட்டினால் அந்த இடி மாயமாகிவிடும். பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, நிமிர்த்தி வைத்துத் தட்டினால் காற்றுக்கு இடம் குறைந்து சுருதி 80 பக்கம் ஏறும். ஆக, சுருதி சேர்க்க ஒரு சொம்பு தண்ணீர் போதும்.

ஒரு சிக்கல் உண்டு. என் அறை 10 அடிக்கு 10 அடி. அந்த அளவுச் சுவர்களுக்கு நடுவே 56, 57 ஹெர்ட்ஸ் ஒலி தானாகவே வீங்கும். அறைக்குள் பிடித்த கேன் சத்தம் பாதி கேன், பாதி சுவர். கேனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன், வீக்கம் வற்றிவிட்டது. பழைய ஓட்டு வீட்டை இடிக்க நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று, 57 ஹெர்ட்ஸ் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. நம் பாட்டைப் பாதிப் பேர் ஃபோனில்தான் கேட்கிறார்கள். அதனால் கேன் ஒலியின் தலையில் கொட்டாங்குச்சி ஒன்றைத் தரையில் தட்டிய 'டக்' ஒன்றை லேயராக வைத்தேன். ஃபோனில் கேட்பவருக்கு டக் கிடைக்கும், பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இடியும் கிடைக்கும்.

ஷேக்கர்: நெல், அரிசி, உளுந்து

எனக்குப் பிடித்த போட்டி இதுதான். பிடித்ததாலேயே நேரமும் அதிகம் போனது.

மூன்றையும் ஒரே பாட்டிலில், ஒரே அளவில், கால்வாசிக்குப் போட்டுக் குலுக்கினேன். புழுங்கலரிசி பளிச்சென்று இருக்கிறது. தீட்டிய மணி, வழவழப்பு, கடினம். கண்ணாடியில் மோதும்போது 'ச்சிக்' என்று கூர்மையாக வெட்டும். வேகமான பாட்டில், நிறைய வாத்தியங்களுக்கு நடுவிலும் இது தலை தூக்கித் தெரியும். ஆனால் பெண் குரல்களோடு வைத்தால் அவர்களுடைய 'ச'வும் 'ஸ'வும் இருக்கும் இடத்திலேயே வந்து முட்டுகிறது.

உளுந்து (உடைக்காத கறுப்பு உளுந்தைச் சொல்கிறேன்) உருளும். மோதி நிற்காமல் சுவரோடு உருண்டு இறங்குவதால் ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் ஒரு 'சர்ர்' ஒட்டிக்கொண்டு வருகிறது. மெதுவான பாட்டுக்கு அது அழகு. வேகம் 100ஐத் தாண்டினால் ஒரு தட்டின் வால் அடுத்த தட்டின் மேல் ஏறி, எல்லாம் சேர்ந்து மழை பெய்கிற மாதிரி ஆகிவிடும். மழைச் சத்தம் வேண்டுமென்றால் அதற்கு உளுந்தை முறத்தில் மெல்லச் சாய்ப்பதுதான் சரி.

நெல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உமி சொரசொரப்பு, அதில் சிலிக்கா அதிகம் என்று விவசாயம் படித்தவர்கள் சொல்வார்கள். மணியோடு மணி உரசும்போது 'ஷ்க்' என்று மூச்சு விடுகிற மாதிரி ஒரு ஒலி. கூர்மை குறைவு, வால் குறைவு, குரலோடு மோதுவதில்லை. கும்மிக்கு அது பொருந்தியது தற்செயல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

நெல்லில் ஒரு நுணுக்கம். அறுவடையான கையோடு அள்ளிய நெல் மந்தமாகக் கேட்கும். 3 நாள் வெயிலில் காய்ந்த அதே நெல் கலகலக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் முகத்தைச் சுளிப்பார்களே, அதைக் கருவி இல்லாமல் காதாலேயே ஓரளவு சொல்லிவிடலாம் போலிருக்கிறது. (அங்கே போய் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.) நான் ஈர நெல்லையும் ஒரு டப்பாவில் தனியாகப் பிடித்து வைத்தேன். மென்மையான சரணத்துக்கு அது உதவியது.

பாத்திரத்தைப் பொறுத்தவரை கண்ணாடி பளிச், பிளாஸ்டிக் மொத்தை, எவர்சில்வர் சம்படம் எரிச்சல். இரண்டு கொட்டாங்குச்சியை வாய் சேர்த்து டேப் சுற்றியது எல்லாவற்றையும் விட இதமாக இருந்தது, ஆனால் 4 நாளில் பிரிந்துவிட்டது.

குலுக்குவதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. கை நின்ற பிறகுதான் மணிகள் போய்ச் சுவரில் மோதும், அதனால் ஒலி எப்போதும் கொஞ்சம் பிந்தி விழும். பதிவு செய்தபின் அந்த டிராக்கை 10 முதல் 20 மில்லி செகண்ட் முன்னால் நகர்த்துங்கள். சோம்பல் தெளிந்த மாதிரி பாட்டு எழுந்து நிற்கும்.

முறமும் குடமும்

ஸ்னேருக்கு (அடியில் கம்பிகள் கரகரக்கும் சின்ன டிரம்) விளக்குமாறு, செய்தித்தாள், சாவிக்கொத்து எல்லாம் பார்த்தேன். சொல்லும்படி ஒன்றும் இல்லை. முறம் மட்டும் தேறியது. வெந்தயமும் காகிதக் கூழும் அரைத்துப் பூசிய பழைய முறம் என்றால் இன்னும் நல்லது, பூச்சு இறுகி மூங்கில் விறைப்பாக நிற்கும். அதில் ஒரு கை உளுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விரலால் சுண்டினால் ஸ்னேர் கம்பிகள் செய்கிற அதே கரகரப்பை உளுந்து செய்கிறது.

மணி ஒலிக்குப் பித்தளைக் குடமும் எவர்சில்வர் குடமும் போட்டி போட்டன. போட்டி என்றே சொல்லக்கூடாது, பித்தளை எங்கேயோ இருக்கிறது. எவர்சில்வரைத் தட்டினால் பல் கூசும் மேல்சுரங்கள்தான் முன்னால் வருகின்றன.

பித்தளைக் குடத்தில் ஒரு வேடிக்கை பார்த்தேன். குழாயடியில் குடம் நிறையும்போது சத்தம் மேலே மேலே ஏறும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் ஏற ஏற அதே குடத்தின் பக்கவாட்டில் சுண்டினால் சுருதி இறங்குகிறது! முதலாவது காற்றின் ஒலி; காற்றுக்கு இடம் குறைந்தால் சுருதி ஏறும். இரண்டாவது உலோகத்தின் ஒலி. சுவரோடு ஒட்டிய தண்ணீரையும் அது சேர்த்து ஆட்ட வேண்டியிருப்பதால் பாரம் கூடி இறங்கும். ஜலதரங்கக் கிண்ணத்தில் தண்ணீர் கூட்டினால் சுருதி குறைவதும் இதனால்தான். முக்கால் குடம் தண்ணீரோடு சாய்த்து ஆட்டிக்கொண்டே சுண்டினால் ஒலி வளைந்து வளைந்து வரும். எந்த சாம்பிள் பேக்கிலும் நான் அதைக் கேட்டதில்லை.

மைக்: ஃபோனா, கண்டென்ஸரா

நெல், முறம், குடம் மூன்றுக்கும் ஃபோன் போதும். ஆனால் ஃபோனோடு வரும் ரெக்கார்டரை நம்பாதீர்கள். அது பேச்சுக்காகச் செய்தது. சின்னச் சத்தத்தைத் தூக்கும், பெரியதை அமுக்கும், ஷேக்கரை இரைச்சல் என்று நினைத்து அழிக்கவும் பார்க்கும். அந்த வசதிகளை அணைக்கவும், வேவ் ஃபைலாகச் சேமிக்கவும் விடுகிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பொருளுக்கும் ஃபோனுக்கும் நடுவே ஒரு சாண். பதிவு மீட்டரில் அளவு மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். ஒரே தட்டை 5, 6 தடவை பிடியுங்கள். ஒன்றையே திரும்பத் திரும்ப ஒட்டினால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும்.

கேனுக்கு மட்டும் ஸ்டுடியோவில் வைக்கிற கண்டென்ஸர் மைக் உண்மையாகவே உதவியது. கிட்டே போகப் போக அது அடி ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். ஃபோன் மைக் அப்படிச் செய்யாது. இன்டர்ஃபேஸில் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) 50 ஹெர்ட்ஸ் கரண்ட் முனகல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பிடியுங்கள்.

நேரம்தான் பெரிய தலைவலி. பகலில் போர் மோட்டார், மாலையில் மினி பஸ் ஹாரன், மழைக்காலம் என்றால் ராத்திரி முழுக்கத் தவளை. எனக்கு வாய்த்தது நள்ளிரவு 2 மணிக்கு மேல். மார்கழியில் அதுவும் 4 மணியோடு சரி, கோயில் ஸ்பீக்கர் எழுந்துவிடும்.

தோல் என்று வந்துவிட்டால்

இதுவரை வீட்டுச் சாமான்தான் ஜெயித்தது. மிதப்பில் தவிலையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். பிளாஸ்டிக் பக்கெட்டின் வாயில் அகலமான பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒட்டினால் மேளத்தோல் மாதிரி ஒன்று கிடைக்கும். நிஜமாகவே அதிரும். விரலில் தையல் உறை மாட்டிக்கொண்டு வாசித்து, ஈக்யூ, கம்ப்ரஸர் என்று ஒலியைத் திருத்தும் கருவிகள் எல்லாம் போட்டு, எதிர்வீட்டுத் தவில்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தக் காலத் தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாசிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போவது தெரியாமல் பேசுகிறவர். பாதியிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார்.

"தம்பி, இது பக்கெட்டு. பக்கெட்டாவே கேக்கட்டுமே. அதுக்கு எதுக்கு வேஷம்?"

சாம்பிள் பேக்கில் இருந்த தவிலையும் போட்டுக் காட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினார். ஒலி சரி, கை இல்லை என்றார். பலாக்கட்டையும் தோலும் பேக்கில் இருக்கின்றன. துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்த கூட்டை மாட்டிய விரல்கள் வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத் தோல்) உருட்டுவதும், அதே நேரம் தொப்பியில் (இடப்பக்கத் தோல்) பூவரசங்கழி விழுவதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நடக்கிற காரியம். தனித்தனித் தட்டாகப் பிரித்து அடுக்கினால் அந்தப் பார்வை போய்விடுகிறது. திருவாரூர் தியாகராஜர் கோயில் பஞ்சமுக வாத்தியமும் உலோகக் குடம்தான், ஆனால் அதன் 5 வாய்க்கும் தோல் போர்த்தியிருக்கிறது. குடத்தை முழவாக்க அந்தக் காலத்திலும் குறுக்கு வழி கிடைக்கவில்லை.

முகூர்த்த நாளில் அவரைப் பிடிக்க முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மைக்கை 8 அடி தள்ளி வைத்தும் முதல் உருட்டில் மீட்டர் சிவப்புக்குப் போய்விட்டது. மைக் இன்னும் 4 அடி பின்னால் போனது. அரைமணி நேரத்தில் 3 டேக். கொடுத்த பணம் பேக்கின் விலையைவிட அதிகம்தான். ஆனால் பேக்கில் இருக்கும் லூப்பை ஊரில் நூறு பேர் போட்டிருப்பார்கள், யூடியூபில் ஏற்றினால் அது இன்னொருவர் பாட்டோடு ஒத்துப்போகிறது என்று நோட்டீஸ்கூட வரலாம். இவர் வாசித்தது இந்தப் பாட்டுக்கு மட்டும்.

கும்மிப் பாட்டை மறுபடி மிக்ஸ் செய்தேன். அடியில் கேன், நடுவில் முறம், ஓரத்தில் காய்ந்த நெல், கடைசிச் சுற்றில் மட்டும் தவில். சாம்பிள் பேக்கிலிருந்து ஒரே ஒரு ஹை-ஹாட் (டிரம் செட்டின் ஜோடி உலோகத் தட்டு) ஒலி எடுத்தேன். அதற்கு ஈடாக வீட்டில் எதுவும் அகப்படவில்லை.

கேனைத் திருப்பித் தரச் சொல்லி தண்ணீர்க்காரர் 2 தடவை வந்துவிட்டார். டெபாசிட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் மாற்றிக் கொடுத்த கேனைத் தட்டிப் பார்த்தேன், அது வேறு சுருதி.