ரோபோ அப்லேஷன்: தொடுவிசையை நுனியில் அளப்பதா, பின்முனையில் அளப்பதா?

இதயத் துடிப்புக் கோளாறைச் சரிசெய்ய, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அதன் நுனியால் திசுவைச் சுட்டுத் தழும்பாக்குவதுதான் அப்லேஷன். கையால் கதீட்டரை நகர்த்தும்போது திசுவின் எதிர்ப்பு விரலுக்குக் கொஞ்சமாவது தெரியும். ரோபோவில் அதுவும் இல்லை. அழுத்தம் போதாவிட்டால் தழும்பு ஆழமாக விழாது, மிஞ்சினால் இதயச் சுவரே துளைபடலாம். எதை நம்பி அழுத்துவது என்று பார்த்ததில், எங்கள் லேபில் நுனியிலேயே சென்சார் உள்ள கதீட்டருக்கு மாறினோம்.

ஹேன்சன் நிறுவனத்தின் சென்செய் ரோபோவுக்கு வந்த இன்டெல்லிசென்ஸ் என்ற விசை அளவி வேறு வழியில் போனது. கதீட்டரை ஷீத்துக்குள் (அதைச் சுற்றியுள்ள உறைக்குழாய்) லேசாக முன்னும் பின்னும் அசைத்து, உடலுக்கு வெளியே உள்ள பின்முனையில் உணரும் எதிர்ப்பைக் கிராமில் காட்டியது. சாதாரணக் கதீட்டரே போதும் என்பது நல்ல வசதிதான். ஆனால் நுனி சுவரில் பக்கவாட்டாகச் சாய்ந்திருந்தால் அந்த விசை பின்னால் சரியாக வந்து சேராது. இம்பீடன்ஸ் (திசு தரும் மின்தடை) இறங்குவதை வைத்துத் தொடுதலைக் கணிக்கலாம்; அது பெரும்பாலும் சுடத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

நுனி சென்சார் உள்ள கதீட்டர்களில், டாக்டிகாத் நுனியில் மூன்று ஒளியிழைகள், ஸ்மார்ட் டச்சில் ஒரு நுண்ணிய சுருள்வில். இரண்டுமே விசையின் அளவோடு திசையையும் சொல்கின்றன. டாக்டிகாத்தைச் சோதித்த டோக்கட்டா ஆய்வில் சராசரி 10 கிராமுக்குக் கீழே அழுத்தப்பட்ட எல்லோருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) திரும்பியது. 20 கிராமைத் தாண்டியவர்களில் 80 சதவீதம் பேர் 12 மாதம் தொல்லையின்றி இருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் எண் கையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அது காட்டிவிட்டது.

சரி, அந்த எண்ணை எப்போது நம்பலாம்? எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான். நுனி இதய அறைக்குள் எதையும் தொடாமல் மிதக்கும்போது சுழியம் வைக்க வேண்டும், அதாவது அந்த நிலையைப் பூஜ்யம் கிராம் என்று அமைக்க வேண்டும். கதீட்டர் உடல் சூட்டுக்கு வந்த பிறகு வைப்பது நல்லது. நுனி ஷீத்துக்குள் பாதி இழுபட்டிருந்தால் சுவரைத் தொடாமலேயே கிராம் ஏறும். ரோபோவில் ஷீத்தை வைத்தே வளைப்பதால் கதீட்டரைக் குட்டையாக நீட்டத்தான் கை போகும். அங்கேதான் கவனம் வேண்டும். வெறும் எண்ணை மட்டும் பார்க்காமல் திரையில் ஓடும் விசை அலையையும் பார்க்கிறேன். துடிப்போடும் மூச்சோடும் ஏறி இறங்காத கோடு என்றால் சுடுவதில்லை. நிறுத்தி, விலக்கி, மறுபடி சுழியம் வைக்கிறேன்.

காந்தத்தால் இயங்கும் நியோபி என்ற ரோபோவில் மென்மையான கதீட்டர் என்பதால் துளைபடும் பயம் குறைவு. அதில் என் அனுபவமும் குறைவு, ஆகவே இந்த முடிவை அதற்கு நீட்ட மாட்டேன். பின்முனை அளவீடு மட்டுமே கிடைக்கிற இடத்தில் இம்பீடன்ஸையும் சேர்த்துத்தான் பார்ப்பேன். சுடத் தொடங்கியும் 10 ஓமாவது இறங்காவிட்டால், கிராம் என்ன காட்டினாலும் நுனியை நகர்த்திப் பார்ப்பேன்.