வொர்க்கிங் ஹன்டர் போனிக்கு எந்த பிட்: ஸ்னாஃபிளா, பெல்ஹமா, டபுளா?

பிட் என்பது குதிரையின் வாயில் மாட்டும் கம்பி; அதிலிருந்து ஓட்டுபவர் கைக்கு வரும் பட்டைதான் வார். பிரிட்டனில் பிள்ளைகள் ஓட்டும் வொர்க்கிங் ஹன்டர் போனி என்ற போட்டிப் பிரிவில் (வகுப்பு) ஒரே மட்டக்குதிரையிடம், அதாவது போனியிடம், இரண்டு வேலை கேட்கிறார்கள். முதலில் மரக்கட்டை, வேலி, புதர் போன்ற தடைகளைத் தாண்ட வேண்டும். அப்புறம் நடுவர் முன்னால் அடக்கமாக நடந்து, கேன்டர் (மிதமான ஓட்டம்) போய், நாலுகால் பாய்ச்சலில் பறந்து, சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதி தாண்டுதலுக்கே போகிறது. பெரிய குதிரை வகுப்புகளில் நடுவரே ஏறிப் பார்ப்பதுண்டு. போனி வகுப்பில் அப்படி இல்லை. வெளியே தெரிவதுதான் கணக்கு: வாய் திறந்திருக்கிறதா, தலையை உதறுகிறதா, பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறதா. இடையில் பிட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். இரண்டு சுற்றுக்கும் ஒன்றே போதும்படி பாருங்கள்.

ஸ்னாஃபிள் எளிமையானது: ஒரு வாய்க்கம்பி, இரு முனையிலும் வளையம், அதில் வார். நெம்புகோல் வேலை எதுவும் கிடையாது. கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் வாய்க்குப் போகும். தடைக்கு மேலே பிள்ளை கொஞ்சம் தடுமாறி வாரைப் பிடித்துவிட்டாலும் பெரிய தண்டனை இல்லை. அமைதியான போனிக்கு, இளம் குதிரைக்கு, இதைவிட நல்லது கிடையாது. நடுவில் ஒற்றை மூட்டு உள்ள கம்பியை ஏற்காத வாய்க்கு, நடுவில் சிறு தகடு வைத்த ஃபிரெஞ்சு லிங்க் ஒத்து வரலாம். சிக்கல் பாய்ச்சலில்தான். திறந்த வெளியில் தலையைக் கீழே போட்டு ஓடும் போனியை, பத்து வயதுப் பிள்ளை ஸ்னாஃபிளில் நிறுத்த முயல்வதைப் பார்ப்பதே கஷ்டம்.

டபுள் பிரைடில் இதற்கு நேர் எதிர். இரண்டு பிட், நான்கு வார். மேல் பிட் தலையைத் தூக்கச் சொல்லும், கீழ் பிட் கழுத்தை வளைக்கச் சொல்லும். தரையில் இதன் அழகே தனி. ஆனால் போனியின் வாய் சின்னது. நாக்கு தடித்திருந்தால் இரண்டு இரும்புக்கு இடம் எங்கே? தாண்டி இறங்கும்போது பிள்ளையின் கை பின்தங்கினால் கீழ் பிட் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அப்படி வலித்த குதிரை அடுத்த தடைக்கு முன்னால் யோசிக்கும். தாண்டாத ஷோ வகுப்புக்கு டபுள் சரி. இங்கே பழகிய கை இல்லாமல் தொடாதீர்கள்.

என் ஓட்டு பெல்ஹமுக்கு. ஒரே வாய்க்கம்பி, இரண்டு வார். மேல் வார் ஸ்னாஃபிள் மாதிரி, கீழ் வார் தாடைச் சங்கிலியையும் காதுக்குப் பின்னால் உள்ள பகுதியையும் அழுத்தும். தாண்டும்போது மேல் வாரில் ஓட்டலாம். பாய்ச்சலில் தேவைப்பட்டால் கீழ் வார் கைவசம் இருக்கும். ஒரே கம்பி இரண்டு வேலை பார்ப்பதால் சைகை மழுங்குகிறது என்று குறை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த மழுங்கல்தான் பிள்ளைக் கையின் தவறுகளையும் விழுங்குகிறது. மூட்டு இல்லாமல் லேசாக வளைந்த ரப்பர் அல்லது வல்கனைட் (கெட்டி ரப்பர்) கம்பி பல போனிகளுக்குப் பிடிக்கும். மேல் வார், கீழ் வார் மாட்டும் இரண்டு வளையத்தையும் தோல் பட்டையால் இணைத்து ஒரே வாரில் ஓட்டுவது வீட்டுப் பயிற்சிக்கு ஓகே. ஷோவில் இரண்டு வாரோடு போங்கள்.

தாடைச் சங்கிலி உள்ள இன்னொரு பிட்டான கிம்பிள்விக் பிள்ளைகளுக்கு வசதி, ஒரே வார்தான். ஆனால் சங்கிலியின் பிடியை விட்டுத் தளர்த்த முடியாது. சில போனிகள் அதன் மேல் சாய்ந்துகொள்ளப் பழகிவிடும். பழைய வழக்கத்தவர் ஷோ வளையத்தில் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஷோ ஜம்பிங்கில் (தடை தாண்டும் போட்டி) பார்க்கும், பக்கத்தில் பல வளையங்கள் கொண்ட டச்சு கேக் (Dutch gag) பிட் இங்கே வேண்டவே வேண்டாம்.

எதை எடுத்தாலும், வாயின் இரு பக்கமும் சுமார் அரை சென்டிமீட்டருக்கு மேல் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அளவு பெரிது. பெல்ஹமின் சங்கிலி, கீழ் வாரை இழுக்கும்போது வாய்க்கு வெளியே தொங்கும் பக்கக்கம்பி ஏறக்குறைய 45 டிகிரி சாயும் இடத்தில் பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே பிடித்தால் ஒரு கண்ணி தளர்த்துங்கள். புது பிட்டை ஷோ நாளில் முதன்முறையாக மாட்டாதீர்கள். அதற்கும் முன்னால் குதிரைப் பல் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.