பத்தே நாளில் குரைப்பு நிற்குமாம்: டர்பனில் நாய் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

நாயின் குரைப்பைப் பத்தே நாளில் நிறுத்துவதாகச் சொல்லி என்னை ஏமாற்றிய அதே விளம்பரம் நேற்று எங்கள் டர்பனின் ஷால்கிராஸ் பகுதி வாட்ஸ்அப் குழு ஒன்றில் மறுபடியும் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கறுப்பனுக்கு நாலு வயசு, கலப்பினம். விடிந்ததும் குரைக்க ஆரம்பிப்பான், மத்தியானம் மறுபடியும். பக்கத்து வீட்டு ஆண்ட்டி முதல் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார், அடுத்த தடவை சிரிக்காமல் சொன்னார், மூன்றாம் தடவை முனிசிபாலிட்டியில் புகார் கொடுப்பதாகச் சொன்னார். அந்த வாரம் பார்த்து விளம்பரம் கண்ணில் பட்டது: பத்து நாளில் அமைதி, இல்லாவிட்டால் பணம் வாபஸ்.

வந்தவர் எப்போது குரைக்கிறான், எதைப் பார்த்துக் குரைக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி, "லேசா அதிரும், அவ்வளவுதான் மேடம். பத்து நாளைக்கு ராத்திரி பகல் கழற்றவே கூடாது" என்றார். 3,200 ரேண்ட். ரசீது இல்லை. பட்டை வந்த பெட்டியையும் அதிலிருந்த குறிப்புத்தாளையும் கையோடு எடுத்துப் போய்விட்டார்.

மறுநாளே வீடு அமைதி. ஆண்ட்டி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினார். நானும் குழுவில் அந்த ஆளைப் பாராட்டி எழுதித் தொலைத்தேன்.

ஒன்பதாம் நாள் துணி காயப்போடும்போது பார்த்தேன். ஆண்ட்டியின் ஜாக் ரஸ்ஸல் நாய் மதிலுக்கு அந்தப் பக்கம் குரைக்கிறது, இங்கே வாயே திறக்காமல் படுத்திருந்த கறுப்பன் துள்ளி விழுகிறான். அது மறுபடி குரைத்தது, இவன் மறுபடி துள்ளினான். குரைப்புச் சத்தம் கேட்டால் ஷாக் கொடுக்கும் பட்டை அது; அதில் இருந்த மைக்குக்கு எந்த நாய் குரைத்தால் என்ன? ஓடிப்போய்க் கழற்றினேன். கழுத்து முடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, ஒரு நாற்றம். விலக்கிப் பார்த்தால் பட்டாணி அளவில் இரண்டு குழிப்புண்.

ஷாக் சுட்ட காயம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் இல்லை என்றார். இரண்டு உலோக முனையும் ஒரே இடத்தில் இரவு பகலாக அழுத்தியதில் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துவிட்டதாம். இந்த மாதிரிப் பட்டையை நாள் முழுக்க மாட்டியே வைக்கக் கூடாதாம். வேல்ஸ் நாட்டில் 2010லேயே ஷாக் பட்டையைத் தடை செய்துவிட்டார்கள்.

புண் ஆறிவிட்டது. ஆனால் கேட்டோரம் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் முன்பு வெறுமனே குரைத்தவன், இப்போது பல்லைக் காட்டி உறுமினான். குரைத்ததால் வலித்தது என்று அவனுக்குப் புரியவே இல்லை. பிள்ளைகள் வந்தால் வலிக்கும், இதைத்தான் கற்றுக்கொண்டிருந்தான்.

பணத்தைக் கேட்டேன். "நாய்தான் குரைக்கலையே மேடம், கேரண்டி முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது: தேடிவந்து விற்கும் வியாபாரத்தில் வாங்கினால், தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி 5 வேலை நாளுக்குள் எழுதிக் கொடுத்து, காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அவர் கேரண்டியோ பத்து நாள். கணக்குப் போட்டுத்தான் வைத்திருப்பார் போல. புண்ணின் படங்களோடு விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவில் புகார் கொடுத்திருக்கிறேன். கால்நடை மருத்துவர் என்றால் கவுன்சிலில் பதியாமல் தொழில் பார்க்க முடியாது. ஆனால் நாய்ப் பயிற்சியாளர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம்.

காதுவலி, பல்வலி எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, ஒரு வாரம் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். காலையில் குரங்குக் கூட்டம் எங்கள் மதில் வழியாக ஆண்ட்டியின் லிச்சி மரத்துக்குப் போகிறது. இரண்டரை மணிக்குப் பள்ளி விடுகிறது. அவ்வளவுதான் விஷயம். கேட்டில் பச்சை நிழல்வலை கட்டினேன். குரங்கு நேரத்தில் அவனைப் பின்பக்கம் விட்டு, சாப்பாட்டைப் புல்லில் தூவிவிடுகிறேன், தேடித் தின்னட்டும். குரைத்தால் கத்துவதில்லை, கத்தினால் நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் நினைப்பானாம். இரண்டு நொடி வாயை மூடினால் ஒரு துண்டு அவித்த கோழி, பிறகு ஐந்து நொடி, பிறகு பத்து. மூன்று மாதம் ஆனது.

இப்போது குரங்கைக் கண்டால் இரண்டு குரைப்பு, உடனே அடுக்களை வாசலுக்கு வந்து என் கையைப் பார்க்கிறான். ஜாக் ரஸ்ஸல் இன்னும் நாளெல்லாம் குரைக்கிறது. அதைப் பற்றி ஆண்ட்டி ஒன்றும் சொல்வதில்லை.