'போர்ட்டிங் செய்த சிலிண்டர்' விற்பவனிடம் ரூ. 9,400 போனது: செயின்சா வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

ரூ. 9,400. மரம் அறுத்துப் பிழைப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று செயின்சா பிடித்தவர்களுக்குத் தெரியும். அதை வாங்கிக்கொண்டு ஒரு குப்பைச் சிலிண்டரை என் தலையில் கட்டியவன் இன்று காலையிலும் புது வீடியோ போட்டிருக்கிறான். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள், பணம் அனுப்புவதை அப்புறம் யோசியுங்கள்.

என்னுடையது 72 சிசி ஜெர்மன் மெஷின். கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தம்) குறைந்துபோனதால் எப்படியும் சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றவேண்டிய நிலை. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், போர்ட்டிங் செய்ததாகவே, அதாவது சிலிண்டர் சுவரின் ஓட்டைகளைக் (போர்ட்) கடைந்து பெரிதாக்கியதாகவே போட்டால் வேலிகாத்தான் அடிமரத்தில் திணறாது என்று நினைத்தேன். எஞ்சினைப் பிரித்து மாட்டுவது எனக்குப் புதிதல்ல. வீட்டுத் திண்ணையிலேயே செய்வேன். போர்ட் கடைய மட்டும் என்னிடம் கருவி கிடையாது.

இதை எனக்கு விற்றவன் கடை வைத்திருப்பவன் அல்ல. குறும்வீடியோ போட்டு, போன் நம்பர் கொடுத்து, யுபிஐயில் பணம் வாங்கி, கூரியரில் அனுப்பும் வகை. 'ஆர்எக்ஸ் 100 பைக் காலத்திலிருந்து போர்ட் வேலை செய்கிறோம்' என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வான். நான் நம்பியது அந்தப் பேச்சை அல்ல. வீடியோ காலில் ஒரு சிலிண்டரைக் கையில் எடுத்து, புகை போகும் போர்ட்டின் விளிம்பில் பஞ்சை வைத்து இழுத்துக் காட்டினான். ஒரு இழை சிக்கவில்லை. "பாருங்கள் அண்ணா, பஞ்சே சிக்கவில்லை, ரிங் எங்கே சிக்கும்?" என்றான். விஷயம் தெரிந்தவன்தான் அப்படிக் காட்டுவான். அந்த இடத்தில்தான் ரூ. 9,400 அனுப்பினேன்.

பஞ்சு ஏன் முக்கியம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இவ்வகை டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகளைப் பிஸ்டனே ஏறி இறங்கி மூடித் திறக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் எப்போதும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். ஓட்டையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குள் லேசாகப் பிதுங்கும். ஓட்டை அளவோடு இருந்து, விளிம்பைச் சாய்வாக மழித்திருந்தால் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும். அகலம் மிஞ்சினாலோ விளிம்பு கூராக இருந்தாலோ ஒருநாள் மாட்டும். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் பத்திரம் என்பது பட்டறைகளில் சொல்லும் கணக்கு. 52 மில்லிமீட்டர் போருக்கு 34, 35 மில்லிமீட்டர்.

வந்த பெட்டியில் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் பாதி செருகி, சைலன்சரையும் அவர்களே மாட்டி, போல்ட் தலைகளில் சிவப்புப் பெயின்ட் வைத்திருந்தார்கள். பெயின்ட் கலைந்தால் உத்தரவாதம் கிடையாதாம். நல்ல ஏற்பாடு! போர்ட்டைப் பார்க்க வழியே இல்லை.

சைலன்சரின் வாயையும் அவர்கள் பெரிதாக்கியிருந்ததால் காற்றோட்டம் கூடும், பெட்ரோலும் கூட்டவேண்டும். கார்புரேட்டரில் அதற்கான எச் திருகைத் திறந்து, முழு வேகத்தில் லேசாகத் திக்கும்படி வைத்தேன். கையேடு லிட்டருக்கு 20 மில்லி கம்பெனி ஆயில் போதும் என்கிறது. பிஸ்டன் புதிது என்பதால் 25 மில்லி விட்டேன். நிதானமாக ஓட்டிப் பழக்கிய பிறகுதான் ஒடுகத்தூர் தாண்டி ஒரு நிலத்தில் வேலிகாத்தான் அறுக்க எடுத்துப்போனேன். இரண்டாவது மரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

பிரித்துப் பார்த்தேன். மேல் ரிங்கின் ஒரு முனை ஒடிந்து பிஸ்டன் தலையில் புதைந்திருந்தது. போர்ட் அகலம் காலிப்பரில் 39 மில்லிமீட்டர். விளிம்பில் நகத்தை வைத்தால் நகம் மாட்டுகிறது. உள்சுவரின் நிக்கல் பூச்சு ஓட்டையைச் சுற்றி, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோலப் பொருக்குப் பொருக்காக நின்றது. பஞ்சை வைத்து இழுத்தேன். பாதிப் பஞ்சு அங்கேயே ஒட்டிக்கொண்டது. வீடியோ காலில் காட்டிய சிலிண்டர் வேறு, எனக்கு அனுப்பியது வேறு.

படங்களை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். முதலில் "ஆயில் குறைவு அண்ணா" என்றான். அளவைச் சொன்னதும் "பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதே, அதுதான் காரணம்" என்றான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது நாடு முழுக்க பங்க்குகளில் ஊற்றுகிறார்கள். அதற்குத் தாங்காத பொருளை எதற்கு விற்கிறாய்? எத்தனாலால் கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டு சூடேறியிருந்தால் பிளக் வெளுத்திருக்கும். என் பிளக் காப்பி நிறத்தில் இருக்கிறது. கீறலும் போர்ட் விளிம்பில்தான் தொடங்குகிறது. இதையெல்லாம் சொன்னால், "உங்கள் வேலூர் வெயிலுக்கு நாங்கள் பொறுப்பாக முடியுமா?" என்று சிரிக்கிறான். அடுத்து ஒரு பெண் எடுத்து "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்றார். சிலிண்டர் கடைபவனுக்கு என்ன மீட்டிங்கோ! கடைசியாக, பெயின்ட் கலைந்திருக்கிறது என்று நான் அனுப்பிய படத்தையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டு என் போன் நம்பரை முடக்கிவிட்டான்.

காட்பாடியில் லேத் பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்தார். "ஆர்எக்ஸ் 100 சிலிண்டராக இருந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத் தருவேன் தம்பி. இது பூச்சு சிலிண்டர். பெயர்ந்தது பெயர்ந்ததுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ரூ. 9,400 பழைய இரும்புக் கடைக்குக்கூட ஆகாத அலுமினியமாக மூலையில் கிடக்கிறது.

என்னென்ன பார்த்து வாங்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான்: சைலன்சர் மாட்டி முத்திரை வைத்து வரும் சிலிண்டரை வாங்காதீர்கள். போர்ட் அகலத்தை எழுத்தில் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் தனி ஆள் யுபிஐக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நானும் புகார் கொடுத்திருக்கிறேன்.

நிலத்துக்காரர் மறுபடியும் போனில் அழைக்கிறார். முன்பணம் வாங்கியாகிவிட்டது, வாடகைக்கு ஒரு மெஷின் தேடிப் போகவேண்டும். ரிங், போர்ட் படங்கள் வேண்டுமானால் கேளுங்கள், இரவு அனுப்புகிறேன்.